பீப்பாயும் தராசும்

ஒடிந்து விழுவதுபோல் மெலிந்த ஒருவருக்கு நாற்பது வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிடுவதும், அவரைவிட இரு மடங்கு பருத்த அயல்வீட்டுக்காரர் எழுபது வயதிலும் மருந்தின்றி நடமாடுவதும், இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கிளினிக் வரிசையில் காத்திருப்பவர்கள் வியந்து பேசிக்கொள்ளும் செய்திகளாகும். பருத்த உடம்பு சோம்பலின் விளைவு, மெலிந்த உடம்பு உழைப்பின் அடையாளம், ஆகவே ஒருவரைப் பார்த்த மாத்திரத்திலேயே அவருடைய நலத்தையும் பழக்கவழக்கத்தையும் கூறிவிடலாம் என்ற பொதுநம்பிக்கை இந்தப் புதிரின் முன் நிற்க முடியாமல் தடுமாறுகிறது.

அந்த நம்பிக்கையை மறைவின்றிக் காட்டிய விளம்பரப் பலகை ஒன்று 2016ஆம் ஆண்டில் கொழும்பில் நிறுவப்பட்டது. ஒஸ்மோ என்னும் உடற்பயிற்சி நிலையம் வைத்த அந்தப் பலகையில் ஒரு பீப்பாயின் படமும், பெண்ணுக்குரிய வடிவம் இதுவல்ல என்று பொருள்படும் ஆங்கில வாசகமும் இருந்தன. பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் சமூக ஊடகங்களில் புறக்கணிப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். எதிர்ப்பு வலுத்தபின் பலகை அகற்றப்பட்டது. முந்திய ஆண்டில் லண்டனின் சுரங்க ரயில் நிலையங்களில் ஒட்டப்பட்ட மெலிவுப் பொடி விளம்பரம் ஒன்றும் இதேபோன்ற எதிர்ப்பைச் சந்தித்திருந்தது. உடம்பைப் பற்றி மக்களைக் கூசவைக்கும் விளம்பரங்களுக்கு நகரப் போக்குவரத்தில் இனி இடமில்லை என்று லண்டன் மேயர் சாதிக் கான் அறிவித்ததும் அதே 2016இல்தான். இத்தகைய விளம்பரங்கள் மனத்தைப் புண்படுத்துகின்றன என்பது பலராலும் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அவை கூறாமல் கூறும் அறிவியல் சரியானதா என்னும் கேள்வியோ அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை. வடிவத்தைக் கண்டு நலத்தை அறியலாம், அந்த வடிவத்தை ஆக்கியவர் அதை உடையவரே, வெட்கம் ஊட்டினால் அவர் அதைத் திருத்திக்கொள்வார் என்பன எல்லாம் அந்த ஒரு பீப்பாய்க்குள் அடங்கியிருந்த முடிபுகளாகும்.

அந்த முடிபுகளைச் சோதிக்கத் தராசிலிருந்து தொடங்கலாம். நிறுவை என்பது தேயிலைத் தோட்ட மக்களுக்குப் புதியதன்று. காலையில் பறித்த கொழுந்தைக் கூடையிலிருந்து கொட்டி நிறுக்கும்போது சாக்கின் எடைக்கென்றும், மழை நாளாயின் இலையில் ஒட்டிய நீருக்கென்றும் சில கிலோக்கள் கழிக்கப்படுவதும், கழித்தது நியாயமா என்று நிறுவையிடத்தில் வாக்குவாதம் எழுவதும் மலையகத்தில் தலைமுறைகளாகத் தொடர்ந்துவரும் வழக்கம். தராசு காட்டுவது மொத்த எடையை மட்டுமே. அதில் கொழுந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதைப் பிரித்துச் சொல்லும் ஆற்றல் அதற்கு இல்லாததால்தான் அந்த வாக்குவாதமே எழுகிறது. மனித உடம்பை நிறுக்கும் தராசுக்கும் இதே குறை உண்டு. எலும்பு, தசை, நீர், கொழுப்பு ஆகிய அனைத்தும் அதற்கு ஒன்றுதான்.

கிளினிக் அட்டைகளில் எழுதப்படும் உடற்திணிவுச் சுட்டி, அதாவது கிலோகிராமில் எடுத்த எடையை மீற்றரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்துப் பெறும் எண், இந்தக் குறையை நீக்குவதில்லை; உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சரிசெய்கிறது. இதற்கு அடிப்படையிட்டவர் மருத்துவர் அல்லர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ப் கெத்லே என்பவர், சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று கணிக்க முயன்ற 1830களில் இந்த விகிதத்தை வகுத்தார். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1972இல், அமெரிக்க உடற்றொழிலியலாளர் அன்செல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டி, பெருந்திரளான மக்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு அது உகந்தது என்று காட்டினார். திரளுக்கென்று செய்த அளவுகோலைத் தனி மனிதருக்கு வைக்கும்போது என்ன பிழை நேரும் என்பதை இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் உடம்புகளைக் கொண்டே மெய்ப்பித்தனர். புனே நகரின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜோன் யுட்கினும் 2004ஆம் ஆண்டில் லான்செட் இதழில் தங்கள் படத்தை அருகருகே வெளியிட்டார்கள். இருவரின் உடற்திணிவுச் சுட்டியும் 22.3. ஆயினும் உடம்பின் உள்ளமைப்பை எக்ஸ்-கதிரால் அளந்தபோது, யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதமாகவும் யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதமாகவும் இருந்தது. ஒரே எண்ணுக்குள் இரண்டு வேறு உடம்புகள் இருந்தன. தெற்காசியரின் உடம்பில் இது பரவலாகக் காணப்படும் இயல்பு என்பதாலேயே, எல்லோருக்கும் பொதுவாக 25 என வகுத்த எச்சரிக்கை எல்லையோடு, ஆசியருக்கு 23 என்னும் எல்லையையும் சேர்த்துக்கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில் பரிந்துரைத்தது.

கொழுப்பின் அளவைவிட அது தங்கும் இடம் முக்கியமானது என்பது அடுத்த செய்தி. தோட்ட லயத்தில் ஒரு குடும்பம் மழைக்காலத்துக்கு விறகு சேர்ப்பதை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இஸ்தோப்பின், அதாவது வீட்டு முன்திண்ணையின், ஓரத்தில் ஒழுங்காக அடுக்கிய விறகு இடத்தை அடைக்குமே தவிர யாருக்கும் தீங்கு செய்வதில்லை. தேவைப்படும்போது எடுத்து எரித்துக்கொள்ளலாம். இஸ்தோப்பில் இடம் போதாமல் அதே விறகை அடுப்பங்கரையில், எரியும் அடுப்பைச் சுற்றிக் குவித்தால் புகையும் ஆபத்தும் ஒன்றாக வந்துவிடும். உடம்பிலும் இவ்வாறு இரண்டு கிடங்குகள் உள்ளன. தோலுக்கு அடியில், சிறப்பாக இடுப்பின் பின்புறத்திலும் தொடையிலும், சேரும் தோலடிக் கொழுப்பு இஸ்தோப்பு விறகைப் போன்றது. வயிற்றறைக்குள் ஈரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் உள்ளுறுப்புக் கொழுப்போ அடுப்படி விறகு. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் நேரே ஈரலுக்குப் போகும் குருதியில் கலந்து, இன்சுலின் என்னும் ஓமோனின் கட்டளைக்கு ஈரல் பணியாதபடி செய்கின்றன. 1947ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஜான் வேக், வயிற்றைச் சுற்றிப் பருப்பவர்களையும் இடுப்பிலும் தொடையிலும் பருப்பவர்களையும் வேறாகப் பிரித்து, நீரிழிவும் இதயநோயும் முதல் வகையினரையே மிகுதியாகத் தாக்குகின்றன என்று எழுதினார். அன்று பெரும்பாலோர் பொருட்படுத்தாத அந்தக் கருத்தைப் பிற்காலத்து உடலூடு படக்கருவிகள் உறுதிப்படுத்தின.

பீப்பாயைத் தீட்டியவர்கள் இந்த அறிவியலைத்தானே சொன்னார்கள் என்று ஒருவர் வாதிடலாம். வயிற்றுப் பருமன் நோய்க்கு முன்னோடி என்பது உண்மைதான். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த ஆபத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. பலகையில் நோயைப் பற்றிய பேச்சே இல்லை. பெண்ணுக்குரிய வடிவம் என்ற பேச்சு மட்டுமே இருந்தது. பெண்ணின் இடுப்பிலும் தொடையிலும் சேரும் கொழுப்பு கர்ப்ப காலத்துக்கும் பால் கொடுக்கும் காலத்துக்கும் சேமித்து வைத்த சக்தி. அதைக் குறையென்று காட்டுபவர்களே வயிற்றறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கொழுப்புச் சேர்ந்த மெலிந்த ஆளை உடல்நலத்தின் முன்மாதிரியாகக் காட்டவும் கூடும்.

இப்படிப்பட்ட நோய்கள் சிலரை மட்டும் ஏன் சீக்கிரம் பிடித்துக்கொள்கின்றன? இந்தக் கேள்விக்குரிய விடையைத் தேடியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிசு மரணம் மிகுந்திருந்த வறிய மாவட்டங்களிலேயே, பல பத்தாண்டுகள் கழித்து இதயநோய் மரணமும் மிகுந்திருப்பதை 1986இல் வெளியான ஆய்வில் அவர் சுட்டிக்காட்டினார். செல்வ வாழ்வின் நோய் என்று கருதப்பட்டது வறியவர் வாழ்ந்த இடங்களில் தலைதூக்கியது ஏன் என்று கண்டறிய, பிறப்பு எடை குறித்த பழைய பதிவேடுகள் அவருக்குத் தேவைப்பட்டன. ஹார்ட்ஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் அவை கிடைத்தன. 1911 முதல் அங்கே எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்னும் தாதியின் மேற்பார்வையில் பணியாற்றிய சுகாதாரப் பெண்கள், வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு குழந்தையும் பிறந்தபோது இருந்த எடையையும் ஓராண்டு நிறைந்தபோது இருந்த எடையையும் பேரேடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து முதிர்ந்து எப்படி மறைந்தார்கள் என்று தேடிப் பார்த்தபோது, எடை குறைந்து வளர்ந்தவர்களிடமே இதயநோய் மரணம் மிகுதியாக இருந்தது 1989இல் வெளிப்பட்டது. உயிரோடிருந்தவர்களைப் பரிசோதித்தபோது நீரிழிவிலும் அதே போக்கு தெரிந்தது. தாதியர் பொறுமையோடு எழுதிய இரண்டு எண்கள் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவச் சிந்தனையையே திருப்பின.

பார்க்கரும் அவருடைய சக ஆய்வாளர் ஹேல்ஸும் 1992இல் முன்வைத்த விளக்கத்தைத் தமிழில் சிக்கன உடலமைப்புக் கருதுகோள் எனலாம். பஞ்ச காலத்தில் ஒரு தாய் இருக்கும் அரிசியைப் பிள்ளைகளுக்கு முதலில் பகிர்ந்துவிட்டு மற்றவர்களுக்கு அரை வயிறு கொடுப்பதுபோல, கருப்பையில் ஊட்டம் போதாத சிசு மூளைக்கு முதலிடம் தந்து, தசை, ஈரல், இன்சுலினைச் சுரக்கும் சதையி ஆகியவற்றின் பங்கைக் குறைக்கிறது. பிறந்த பின்னும் உணவு குறைவாகவே இருந்தால் அந்த உடம்பு ஒருவாறு சமாளித்துவிடும். கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் தாராளமாகக் கிடைக்கும் காலம் வந்தால், சிறுத்த சதையியும் குறைந்த தசையும் அந்தச் சீனியைக் கையாள முடியாமல் திணறும். வறிய குழந்தை வளர்ந்த பின்னும் வறியவராகவே வாழ்ந்து நோயுற்றிருக்கலாமே என்ற மறுப்பு நியாயமாகவே எழுந்தது. அதற்கு ஒரு விடையை வரலாறு கொடுமையான முறையில் தந்திருந்தது. 1944–45 குளிர்காலத்தில் நாசிப் படைகளின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி சில மாதங்கள் மட்டும் கடும் பட்டினியில் வாடியது. முன்னும் பின்னும் நன்றாக உண்ட அந்த மக்களுள், பட்டினி மாதங்களில் கருவில் இருந்தவர்களுக்கே ஐம்பது வயதில் குருதிச் சீனியைக் கட்டுப்படுத்தும் திறன் குறைந்திருந்தது.

யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் புனேயைச் சுற்றிய கிராமங்களில் செய்த அளவீடு இதை நமது பிராந்தியத்துக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவருகிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த வெள்ளையினக் குழந்தைகளுக்கு அது சுமார் 3.5. நிறுத்ததோடு நிற்காமல், பிறந்த குழந்தையின் தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளிப் பிடித்து, அந்த மடிப்பின் தடிப்பை இடுக்கி போன்ற கருவியால் அளந்தார்கள். மற்ற அளவுகளிலெல்லாம் மிகவும் சிறுத்திருந்த புனேக் குழந்தை அந்த மடிப்பில் மட்டும் ஆங்கிலக் குழந்தையை நெருங்கியிருந்தது. தசையும் வயிற்றுறுப்புகளும் சிறுத்து, கொழுப்பு மட்டும் காக்கப்பட்ட இந்த உடம்பை அவர்கள் மெலிந்த-கொழுத்த குழந்தை என்று அழைத்தார்கள். தொடக்கத்தில் கூறிய புதிருக்கு விடையின் பெரும்பகுதி அந்தத் தோள்மடிப்பில் இருக்கிறது.

மலையகத்துக்கு இதன் பொருள் கனமானது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 17 சதவீதமாக இருக்க, தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32 சதவீதமாக இருந்தார்கள். 2.5 கிலோகிராமுக்குக் குறைந்த எடையோடு பிறப்பவர்களின் பங்கும் தோட்டங்களில் உயர்ந்தே இருந்துவந்திருக்கிறது. கொழும்பில் பீப்பாயைக் காட்டி இடையின் அளவு பேசப்பட்ட அதே ஆண்டில் எடுத்த கணக்கு இது. இன்னோர் உண்மையும் இதோடு சேர்கிறது. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுமைக்கும் உரிய சூல் முட்டைகளைத் தன் தாயின் கருப்பையில் இருக்கும்போதே உருவாக்கிவிடுகிறாள். ஆகவே இன்று பிள்ளைக்காம்பரா என்னும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் தவழும் குழந்தைக்கு மூலமான முட்டை, அதன் தாயைப் பெற்ற பாட்டி கர்ப்பிணியாகக் கூடை சுமந்து மலையேறிய நாட்களில் அந்தப் பாட்டியின் உடம்புக்குள்ளேயே இருந்தது. இப்படி மூன்று தலைமுறையின் உணவும் உழைப்பும் எழுதிய ஒரு வடிவத்துக்கு, இன்று அதை உடையவரை மட்டும் பொறுப்பாளியாக்குவது அறிவுக்குப் பொருந்தாது.

உழைத்தால் கரைந்துவிடும் என்ற வாக்குறுதியையும் சோதிக்க வேண்டியிருக்கிறது. ஒரு மனிதர் இயல்பாக நடமாடும்போது ஒரு நாளில் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறார் என்று அறிவது நெடுங்காலம் இயலாத காரியமாக இருந்தது. 1950களில் நேதன் லிப்சன் என்னும் அமெரிக்கர் கண்ட வழி அழகானது. ஒரே மூலகத்தின் எடை வேறுபட்ட உடன்பிறப்பைச் சமதானி என்பர். எடை கூடிய ஐதரசனும் எடை கூடிய ஒட்சிசனும் கலந்த, தீங்கற்ற நீரை ஒருவருக்குக் குடிக்கக் கொடுத்தால், அந்த ஐதரசன் சிறுநீராகவும் வியர்வையாகவும், அதாவது நீராக மட்டுமே, உடம்பை விட்டு வெளியேறும். ஒட்சிசனோ நீராகவும் மூச்சில் கலந்த காபனீரொட்சைட்டாகவும் இரண்டு வாசல்களால் வெளியேறும். சில நாள் சிறுநீரைச் சோதித்து இரண்டும் குறையும் வேகத்தை ஒப்பிட்டால், வேறுபாடு முழுவதும் மூச்சில் போன காபனீரொட்சைட்டின் கணக்கு. அதிலிருந்து உடம்பு எரித்த சக்தியை அறியலாம். இந்த முறையால் ஹேர்மன் பொன்சரும் அவருடைய குழுவினரும் தன்சானியாவில் நாள்தோறும் வெகுதூரம் நடந்து வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்கவைத்தது. உடம்பின் அளவைக் கணக்கில் கொண்டு ஒப்பிட்டபோது, அவர்கள் ஒரு நாளில் செலவிட்ட மொத்தச் சக்தி, நாற்காலியில் அமர்ந்து வேலைசெய்யும் மேற்கத்தியர் செலவிட்டதைவிட மிகுதியாக இல்லை. உழைப்பு கூடும்போது உடம்பு மற்றச் செலவுகளைச் சுருக்கி வரவுசெலவைச் சரிக்கட்டுகிறது என்பது பொன்சரின் விளக்கம். எந்த அளவுக்குச் சுருக்குகிறது என்பதில் ஆய்வாளரிடையே விவாதம் தொடர்கிறது. உடற்பயிற்சி இதயத்துக்கும் மூட்டுக்கும் மனத்துக்கும் குருதிச் சீனிக்கும் நன்மை செய்வதில் ஐயமில்லை. ஆனால் எடையைக் குறைப்பதில் அதன் பங்கு விளம்பரப் படங்களில் காட்டும் அளவுக்குப் பெரியதன்று. ஆகவே பயிற்சி செய்தும் மெலியாத ஒருவரைச் சோம்பேறி என்பது பெரும்பாலும் பொய்யாகும்.

இனி வெட்கம். ஏளனத்தால் உடம்பு என்ன ஆகிறது என்பது இன்று ஆய்வகத்தில் அளந்த செய்தி. அமெரிக்காவில் 2011இல் வெளியான ஒரு பரிசோதனையில், பருத்த பெண்களுள் ஒரு பிரிவினருக்குப் பருமனை ஏளனம் செய்யும் காணொளியும் இன்னொரு பிரிவினருக்கு அதோடு தொடர்பற்ற காணொளியும் காட்டி, பிறகு தின்பண்டத் தட்டுகளை வைத்தார்கள். ஏளனத்தைப் பார்த்த பெண்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலான கலோரிகளை உண்டார்கள். நீண்டகாலப் போக்கை அறிய அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 2006 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், தொடக்கத்தில் பருத்திராதவர்களுள், எடைக்காகத் தம்மை மற்றவர்கள் இழிவாக நடத்தினார்கள் என்று கூறியவர்கள் நான்கு ஆண்டுகளில் மிகைப்பருமனை அடையும் வாய்ப்பு ஏனையோருக்கு இருந்ததைப்போல் இரண்டரை மடங்காக இருந்தது. அவதானிப்பு ஆய்வு என்பதால் அது தனித்து நின்று காரணத்தை நிறுவாது. முன்னைய பரிசோதனையோடு வைத்துப் பார்க்கும்போதே அதன் பொருள் வலுப்பெறுகிறது. நெருக்கடியில் சுரக்கும் கோட்டிசோல் என்னும் ஓமோன் பசியைத் தூண்டுவதும், அதன் செய்தியைப் பெறும் வாங்கிகள் வயிற்றறைக் கொழுப்பில் செறிந்திருப்பதும் இங்கே நினைக்கத் தக்கவை. ஓயாத ஏளனம், விறகை மீண்டும் அடுப்பங்கரைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பருத்தவர்களைப் பற்றிய கவலை இவ்வளவென்றால், மலையகத்தில் அதைவிடப் பெரிய கவலை மெலிந்த சிறுமிகளைப் பற்றியது. நகரத்துக்கென்று செய்த விளம்பரம் இன்று லயத்து அறையின் கைப்பேசித் திரையிலும் ஒளிர்கிறது. அதைப் பார்ப்பவர்களுள், வளர வேண்டிய அளவுக்கு வளர உணவு போதாத பதினைந்து வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி 1995இல் முதன்முதலாக வந்தபோது ஆன் பெக்கர் என்னும் மானிடவியலாளர் அங்கே பாடசாலைச் சிறுமிகளை ஆராய்ந்தார். பருத்த உடம்பே நல்ல உடம்பு என்று போற்றிய அந்தச் சமூகத்தில், எடையைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் பழக்கம் அப்போது எந்தச் சிறுமியிடமும் இல்லை. மூன்றே ஆண்டுகளில் 11.3 சதவீதத்தினரிடம் அது காணப்பட்டது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி மெலிய வேண்டும் என்று இரவுச் சோற்றைத் தள்ளிவைத்தால், அவள் இழப்பது அவளுடைய எடையை மட்டுமல்ல. பத்தாண்டு கழித்து அவள் கருவில் வளரப்போகும் குழந்தையின் சதையியும் தசையும் அந்தச் சோற்றில் இருக்கின்றன.

தோட்டத்துக் கர்ப்பிணிக் கிளினிக்கிலும் ஒரு தராசு இருக்கிறது. மிஸ்ஸி என்று அங்கே எல்லோரும் அழைக்கும் மருத்துவமாது, முதல் வருகையில் உயரத்தையும் எடையையும் எடுத்து, உடற்திணிவுச் சுட்டி 18.5க்குக் குறைவாயின், பிரசவத்துக்குள் 12.5 கிலோகிராமாவது கூட வேண்டும் என்று கணக்கிட்டு, திரிபோஷ என்னும் சத்துமாப் பொதிகளைக் கொடுத்தனுப்புகிறார். ஒவ்வொரு மாதமும் கர்ப்பிணி செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தட்டின்மேல் ஏறுகிறாள். முள் சென்ற மாதக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் நகர்கிறதா என்று இருவரும் குனிந்து பார்க்கிறார்கள்.